நிலாவில் கம்ப்ரசர் ஓடாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் அறிவியல் கதைகளில் வருகிறவர்கள் ஏன் பாதிப்பேர் வெளிநாட்டுக்காரர்களாகவே இருக்கிறார்கள் என்று போன ஞாயிறு இணைப்பில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் எழுதுகிறவனை மட்டும் பிடித்துக் கேட்டால் எப்படி? என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

நான் திருச்செங்கோட்டில் ஒரு ரிக் ஆபீசில், அதாவது ஆழ்துளைக் கிணறு (போர்) போடுகிற வண்டிகளை அனுப்புகிற ஆபீசில், கணக்கு எழுதுகிறேன். அதற்கு முன் பதினெட்டு வருசம் ரிக் வண்டியிலேயே ஆந்திரா, கர்நாடகா, சத்தீஸ்கர் என்று சுற்றியவன். அந்தச் சத்தத்தில் போன வலது காது இன்னும் சரியாகக் கேட்காது. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கதை எழுத உட்காருவேன். பழைய பில் புக்கின் பின்பக்கம்தான் காகிதம். திருப்பிப் பார்த்தால் ‘கேசிங் 60 அடி, மொத்தம் 840 அடி, தண்ணீர் இல்லை’ என்று இருக்கும். அந்தத் தோட்டத்துச் சொந்தக்காரர் முகம் ஞாபகம் வந்துவிட்டால் அன்றைக்கு எழுத்து ஓடாது.

இதுவரை ஒன்பது கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. பத்தாவது, நிலாவின் தென் துருவத்தில் போர் போடப் போகிற கதை. போகிறவர்கள் நம் ஊர் ஆட்கள்: ஒரு டிரில்லர், மூன்று ஹெல்பர், ஒரு சமையல்காரர். (சமையல்காரர் எதற்கு என்பீர்கள். கிளம்பின வண்டி ஊர் திரும்ப மாசக்கணக்காகும். சோறாக்க ஆள் இல்லாமல் எங்கள் ஆட்கள் ராய்ச்சூருக்கே போக மாட்டார்கள், நிலாவுக்கா போவார்கள்?) ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ‘நிலாவில் திருச்செங்கோட்டு வண்டி என்பதை வாசகர் நம்ப மாட்டார்’ என்று ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. அதே மாத இதழில் ராபர்ட் என்று ஒருவர் ஒளியைவிட வேகமாகப் போகிற கப்பலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அது நம்பும்படி இருந்திருக்கிறது.

இத்தனைக்கும் நிலாவுக்கும் எங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் ஏற்கனவே உண்டு. எங்கள் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் கிடைக்கிற அனார்த்தோசைட் பாறையும் நிலாவின் மேட்டுநிலப் பாறையும் ஏறக்குறைய ஒரே ஜாதி. இஸ்ரோ இந்தப் பாறையைப் பொடியாக்கி பெங்களூருக்குக் கொண்டுபோய்க் கொட்டி, செயற்கை நிலாத் தரை அமைத்து, அதில்தான் சந்திரயானுக்கான சோதனைகளைச் செய்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியதை ஆபீஸ் டிவியில் எல்லோரும் கூடிப் பார்த்தோம். “நம்மூர் மண்ணுல பழகுன வண்டிங்க, வழுக்காது” என்றார் எங்கள் முதலாளி.

சரி, என் கதையில் ஓட்டையே இல்லையா என்றால், இருந்தது. பெரிய ஓட்டை. திருப்பி அனுப்பியவர் கண்ணில் அது படவில்லை. எங்கள் வண்டி ஹெல்பர் தம்பி ஒருவன், பத்தாவதோடு படிப்பை விட்டவன், டீ குடித்துக்கொண்டே கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“அண்ணா, அங்கதான் காத்தே இல்லீங்களே. கம்ப்ரசர் எதைங்க இழுக்கும்?”

டிரில்லராக இருந்த எனக்கு உறைக்காமல் போனதே என்று கூசிப்போனேன். எங்கள் தொழிலே காற்றுதான். கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி ராடு வழியாகக் கீழே அனுப்பும். அந்தக் காற்றில்தான் அடியில் ஹேமர் அடிக்கிறது. உடைந்த பாறைத் தூளை மேலே ஊதித் தள்ளுவதும் அதே காற்று. தூள் மேலே வராமல் அடைத்துக்கொண்டால் பாறையைத் துளைக்கிற முனையான பிட் சிக்கிவிடும். அப்புறம் ராடை உருவி எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

அதற்கப்புறம் மூன்று மாசம் படித்தேன். 1971-இல் அப்பல்லோ 15-இல் நிலாவுக்குப் போனவர்கள் பாட்டரி டிரில் வைத்து மூன்று மீட்டர் துளை போடப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றரை மீட்டரைத் தாண்டியதும் நின்றுவிட்டது. காரணம் என்ன தெரியுமா? மண்ணை மேலே ஏற்றுகிற சுற்றுப் புரி ராடு இணைப்பில் சரியாக அமையாமல், மண் ஏற வழியின்றி அடைத்துக்கொண்டது. எங்கள் ஆட்களிடம் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. “அடைக்கத்தானுங்க செய்யும்” என்றார்கள். அடுத்தடுத்த பயணங்களில் அந்த இணைப்பைத் திருத்திக் கொண்டுபோனார்கள். செவ்வாயில் இன்சைட் என்கிற கலம் ஐந்து மீட்டர் இறங்குவதற்கு ஒரு கருவி கொண்டுபோனது. தன்னைத் தானே அடித்துக்கொண்டு இறங்குகிற ஆணி மாதிரி. சுற்றியுள்ள மண் பிடிப்புக் கொடுக்காததால் குதித்துக்கொண்டே இருந்துவிட்டு, 2021 ஜனவரியில் கைவிடப்பட்டது. எத்தனை கோடி செலவானாலும் மேல் மண் சரியில்லை என்றால் அங்கேயும் கதை இதுதான்.

இப்போது கதையில் கம்ப்ரசர் கிடையாது. மின்சாரத்தில் சுற்றுகிற, புரி வைத்த ராடு. தண்ணீரும் தண்ணீராக வராது, பனிக்கட்டித் தூளாகத்தான் வரும். அதற்கும் வீட்டில் ஒரு கேள்வி வந்தது. “ஏனுங்க, வெளிய எடுத்து வெயில் பட்டா ஆவியாப் போயிரும்னீங்களே. அப்ப எதுலங்க புடிப்பாங்க?” மூடி போட்ட டிரம் ஒன்றைச் சேர்த்தேன். அந்த டிரம்மால் கதையின் முடிவே மாறிப்போனது. முன்னைவிட நன்றாகவே வந்திருக்கிறது.

ஆகவே ஞாயிறு இணைப்புக்கு அறிவியல் கதை தேர்ந்தெடுக்கும்போது, இலக்கியம் தெரிந்தவர்களோடு ஒரு வெல்டரையோ ஒரு டிரில்லரையோ பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கக் கேளுங்கள். எங்கள் ஹெல்பர் தம்பிகூட மழைக்காலத்தில் வேலை குறைந்து ஊரில் சும்மாதான் இருப்பான். பஸ் காசு கொடுத்தால் வந்துவிடுவான்.

இப்படிக்கு,
ஒரு ரிக் ஆபீஸ் கணக்குப்பிள்ளை,
திருச்செங்கோடு.