குழித்துறை தாமிரபரணிக் கரையின் நில உயரத்தைத் துல்லியமாக அளக்கக் கோரும் மனு

அனுப்புநர்
தாமிரபரணிக் கரை வாழை விவசாயி,
விளவங்கோடு வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: வெள்ள அபாய வரைபடத்துக்காக ஆற்றங்கரை நில உயரத்தை அளக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

2021 நவம்பர் வெள்ளம் எங்கள் விளையின் (தோட்டத்தின்) கிணற்றுச் சுவரில் விட்டுப்போன சேற்றுக்கோடு என் இடுப்புக்கு மேலே நிற்கிறது. அண்மையில் ஓர் அலுவலகத்தில், கணினி கணித்த வெள்ள வரைபடத்தைப் பார்த்தேன். அதில் எங்கள் விளை காய்ந்து கிடக்கிறது. சானல் (பாசனக் கால்வாய்) கரைக்கு அப்பால், அன்று நனையாத ஏலாவோ (வயல்வெளியோ) முழுக்க வெள்ளத்தைக் காட்டும் நீலம்.

விசாரித்தால், 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் எடுத்த உயரத் தரவு என்றார்கள். அதில் 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரே உயரம்; நம் கணக்கில் ஏறக்குறைய 22 சென்ட். அதற்குள் வீடு, கிணறு, வாழை, மூன்று மீட்டர் அகலச் சானல் கரை எல்லாம் ஒற்றை எண்ணாகிவிடுகின்றன. தண்ணீரைத் தடுப்பதே அந்தக் கரைதான். கணினிக்கு அது இருப்பதே தெரியாது. போதாக்குறைக்கு, அந்த ரேடார் அலை அடர்ந்த தோப்பில் தரைவரை முழுமையாக இறங்குவதில்லை. மரத்தலைகளும் உயரக் கணக்கில் சேர்ந்து பள்ளம் மேடாகிறது. எங்கள் விளையைக் காயவைத்தது எங்கள் தென்னைகளே என்று நினைக்கிறேன்.

"5 மீட்டராக மாற்றிக்கொள்ளலாம்" என்றார் அங்கிருந்த ஒருவர். பழைய தரவைப் பொடியாக நறுக்கினால் படம் வழுவழுப்பாகும். காணாமற்போன கரை முளைக்காது.

மாவட்டம் முழுவதையும் ஒரு மீட்டர் கட்டத்தில் கேட்கவில்லை. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்கு, கணக்கிடும் நேரம் ஏறத்தாழ எட்டு மடங்கு. பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் திறந்த பிறகும் கணினி யோசித்துக்கொண்டிருந்தால் யாருக்குப் பயன்?

ஆகவே குழித்துறை சப்பாத்து (தரைப்பாலம்) முதல், ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகம் வரை, இரு கரைத் தாழ்நிலங்களை மட்டும் லேசர் கருவி பொருத்திய ட்ரோன் மூலம் அளக்க உத்தரவிட வேண்டுகிறேன். லேசர் கதிர்களில் சில இலை இடுக்கு வழியே தரையைத் தொட்டுத் திரும்பும். சானல் கரை, சாலை மேடுகளின் உச்சியைத் தனியே பதிய வேண்டும். கலங்கிய நீருக்கடியில் அந்த லேசர் எட்டாது என்பதால், ஆற்றின் குறுக்குவெட்டைப் படகில் சென்றுதான் எடுக்க வேண்டும்.

புதிய வரைபடம் வந்ததும் சரிபார்ப்பதற்காக, கிணற்றுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்