பீர்க்கம்பூ மாலையில்தான் விரிகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வேளாண் பக்கத்தில் தேனீக்களைக் காப்பாற்றுவது பற்றி வந்திருந்ததைப் படித்தேன். பூக்கிற பயிருக்கு மருந்தடிப்பதாக இருந்தால் மாலை ஐந்து மணிக்கு மேல் அடியுங்கள், அதற்குள் தேனீ கூட்டுக்குத் திரும்பியிருக்கும் என்று ஒரு வரி இருந்தது. நல்ல யோசனைதான். நானும் பல வருஷம் அப்படியே செய்தேன். அதனாலேயே ஒரு வருஷம் பீர்க்கன் விதையில் பாதியை இழந்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பொங்கலூர் பக்கம் மூன்று ஏக்கர், கிணற்றுப் பாசனம். காயாக விற்பதைக் குறைத்துக்கொண்டு இப்போது விதைக்காகப் பயிர் செய்கிறேன். 60 சென்ட்டில் சின்ன வெங்காய விதை, 40 சென்ட்டில் பந்தல் போட்டுப் பீர்க்கன் விதை. மீதியில் சோளத்தட்டும் தென்னையும்.

சின்ன வெங்காயத்துக்கு ஏது விதை என்று நகரத்து வாசகர்கள் கேட்கலாம். பெரும்பாலும் காயையேதான் நடுவோம். ஏக்கருக்கு 600 கிலோ விதைக்காய் வேண்டும். காய் விலை ஏறிய வருஷத்தில் நடவுச் செலவிலேயே கடன்காரனாகிவிடலாம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுத்த கோ 5 ரகம் நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். அந்த விதையில் இரண்டு மூன்று கிலோ இருந்தால் நாற்று விட்டு ஏக்கரை நட்டுவிடலாம். அதனால் இந்த விதைக்கு நல்ல கிராக்கி. நான் ஐப்பசியில் காய் நடுவேன், மார்கழி கடைசியிலும் தையிலும் பூ இருக்கும்.

முதல் வருஷம் வயல் முழுக்க வெள்ளை உருண்டையாகப் பூத்து நின்றதைப் பார்த்து மூட்டைக்கணக்குப் போட்டேன். அடித்துத் தூற்றினால் பாதிக்கு மேல் சருகு. பேரனின் பள்ளிக்கூட லென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு மறு வருஷம் பூவைப் பார்த்தேன். ஒரு கொத்தில் சில நூறு பூ. ஒவ்வொரு பூவும் முதலில் மகரந்தத்தைக் கொட்டிவிடுகிறது. அது ஏறக்குறைய தீர்ந்த பிறகுதான் நடுவில் இருக்கும், மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்தண்டு நீண்டு பக்குவத்துக்கு வருகிறது. தன் மகரந்தம் தனக்கு உதவாது, பிந்திப் பூத்த வேறொரு பூவிலிருந்து யாராவது எடுத்து வந்து கொடுக்க வேண்டும். ஒரு பூவுக்குள் மூன்று அறை, அறைக்கு இரண்டு விதை, ஆக ஆறு விதை வரை பிடிக்கலாம். என் வயலில் உரித்துப் பார்த்தபோது ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

சரி, தேனீ வைத்தால் போச்சு என்று உடுமலைப் பக்கமிருந்து மூன்று பெட்டி வாடகைக்கு எடுத்து வந்தேன். பூக்கும் முன்பே வைத்தது என் தவறு. பத்துக்கு ஒரு கொத்தாவது விரிந்த பிறகுதான் பெட்டியை இறக்க வேண்டும். முன்னாலேயே வைத்தால் தேனீ வேறு இடத்தைப் பழகிக்கொள்ளும். அப்படித்தான் ஆனது. பக்கத்துத் தோட்டத்தில் முருங்கை பூத்திருந்தது. என் வெங்காயத்தின் மேலேயே பறந்து முருங்கைக்குப் போய்விட்டு, சாயங்காலம் என் பெட்டியில் வந்து படுத்துக்கொள்ளும். வெங்காயத் தேனில் பொட்டாசியம் சத்து அதிகம், அதனால் தேனீக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது என்று பிறகு ஒரு வேளாண் விஞ்ஞானி விளக்கினார். கைக்கெட்டும் தூரத்தில் வேறு நல்ல பூ இல்லாவிட்டால்தான் மனமில்லாமல் வரும்.

அப்போதுதான் ஈயைக் கவனித்தேன். வீட்டு ஈ, பச்சையாக மினுக்கும் பிண ஈ, இரண்டும் வெங்காயப் பூவில் கால் பதித்து மேய்கின்றன. ஆராய்ச்சிக்காரர்கள் வலைக் கூண்டுக்குள் வெங்காய விதை எடுக்கும்போது ஈயைத்தான் வளர்த்து விடுவார்களாம். நான் சந்தையிலிருந்து கருவாட்டுத் தலை வாங்கி வந்து, பழைய வெங்காயப் பையில் போட்டு, வரப்பில் பத்தடிக்கொரு குச்சியில் கட்டினேன். மூன்றாம் நாள் ஈ மொய்த்தது. ஊரில் என் தோட்டத்துக்குக் கருவாட்டுக் கடை என்று பெயர். நாய்களையும் காக்கைகளையும் விரட்டப் பகலெல்லாம் ஆள் வேண்டியிருந்தது. எண்பது தாண்டிய என் அம்மா அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். ஆனால் அந்த வருஷம் உரித்த பூக்களில் மூன்று நான்கு விதை இருந்தது. இப்போது பெட்டி, கருவாடு இரண்டும் வைக்கிறேன்.

வெங்காயத்தில் இலைப்பேன் என்கிற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சிக்கு மருந்து தவிர்க்க முடியாத நாட்கள் உண்டு. அங்கே உங்கள் யோசனை சரி. தேனீயும் ஈயும் நடக்கும் நேரம் பகல், அடித்தால் பொழுது சாய்ந்துதான் அடிக்க வேண்டும். அப்போதும் ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்றவற்றைப் பூ நிற்கும்போது தொடவே கூடாது. இமிடாகுளோபிரிட் பயிருக்குள் ஊடுருவித் தேனிலும் மகரந்தத்திலும் வருவது, மாலையில் அடித்தாலும் மறுநாள் காலையில் அங்கேதான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதையும் அதன் கூட்டாளிகள் இரண்டையும் திறந்தவெளிப் பயிருக்கே வேண்டாம் என்று தள்ளிவிட்டது.

இனிப் பீர்க்கனுக்கு வருகிறேன். வெங்காயத்தில் படித்த பாடத்தை அப்படியே பந்தலுக்கும் வைத்தேன். வண்டும் புழுவும் தெரிந்தால் மாலை ஐந்தரைக்கு டேங்கைத் தோளில் மாட்டுவேன். தேனீயைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு பெருமை வேறு. அந்த வருஷம் கொடியில் காய் உண்டு, ஆனால் பல காய் பிஞ்சிலேயே வெம்பிக் கோணியது. முற்றிக் காய்ந்ததை உலுக்கினால் கலகலவென்று சத்தம் வரவேண்டும். பாதிக் காயில் சத்தமே இல்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரம்மா. சாயங்காலம் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்தவர் பந்தலடியில் நின்று, "ஏனுங்க, நீங்க மருந்தடிக்கிற நேரம் பாத்துத்தானுங்க இந்தப் பூ விரியுது" என்றார். அண்ணாந்து பார்த்தேன். டேங்க் தோளில் இருக்க, என் கண்முன் மஞ்சளாக ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு பத்து நாள் டார்ச் லைட்டோடு உட்கார்ந்து பார்த்தோம். இருட்டுகிற நேரத்தில் அந்துப்பூச்சிகள் வருகின்றன. விடிந்ததும், பூ வாடும் முன், தேனீயும் கருவண்டும் வருகின்றன. நான் அடித்த மருந்து விரிந்த பூவுக்குள்ளேயே விழுந்து, ராத்திரி வந்ததையும் காலையில் வந்ததையும் சேர்த்து ஒழித்திருக்கிறது. சுரையும் புடலையும் இப்படித்தான் மாலையிலோ இருட்டியோ விரிபவை. பாகல், வெள்ளரி, பூசணி எல்லாம் விடிகாலைப் பூ. பூசணி முற்பகலிலேயே மூடிக்கொண்டுவிடும். மெழுகு பீர்க்கும் காலைப் பூதான். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆளுக்கொரு நேரம்.

காய்க்காகப் பயிர் செய்கிறவருக்கு இதில் பெரிய நட்டம் தெரியாது. பீர்க்கங்காயில் விதை குறைந்தால் சமைக்கிறவர்களுக்குச் சந்தோஷம். எனக்கு ஒவ்வொரு விதையும் காசு. ஒரு விதை பிடிக்க ஒரு மகரந்தத் துகள் போய்ச் சேர வேண்டும். பூச்சி ஒரு தடவை வந்து போனால் காய் பிடிக்கலாம், காய் நிறைய விதை பிடிக்காது.

இப்போது பந்தலில் பூ இருக்கும்வரை மருந்தே இல்லை. முக்கியமான எதிரி பழ ஈ. அதற்கு இனக்கவர்ச்சிப் பொறி கட்டிவிடுகிறேன், கொத்துப்பட்ட காயைப் பறித்துக் குழியில் புதைக்கிறேன். வெங்காயத்தில் ஈயைக் கருவாடு வைத்து அழைக்கிறேன், பீர்க்கனில் ஈக்குப் பொறி வைக்கிறேன் என்று பேரன் கிண்டல் செய்கிறான். அது வேறு ஈ, இது வேறு ஈ என்று சொன்னாலும் கேட்பதில்லை.

என் ஆதங்கம் இதுதான். விவசாயிகளுக்கு விற்கும் சான்று விதை என்றால் அதே பயிரின் வேறு ரகம் 500 மீட்டருக்குள் இருக்கக் கூடாது, அந்தச் சான்று விதையை உண்டாக்கப் போடும் ஆதார விதை என்றால் 1000 மீட்டர். வெங்காயத்துக்கும் கொடிக்காய்களுக்கும் இதுதான் கணக்கு. பார்வையிட வந்த அலுவலர் வண்டி மீட்டரை வைத்து அளந்து, கலப்புச் செடியைப் பிடுங்கச் சொன்னார். மிகச் சரி. இவ்வளவு தூரம் விடச் சொல்வதே பூச்சி மகரந்தத்தைச் சுமந்து வரும் என்பதால்தானே. வேண்டாத மகரந்தத்தைக் கொண்டுவரும் பூச்சிக்குக் கணக்கு இருக்கிறது. வேண்டிய மகரந்தத்தைக் கொண்டுவரும் பூச்சி வயலில் உண்டா என்று கேட்க ஒரு கட்டம்கூடப் படிவத்தில் இல்லை. நான் விதை போட்டுக் கொடுத்த கம்பெனியின் ஆள், பூ நிற்கும்போதே மூன்று மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். விதை குறைந்தபோது ஒப்பந்த எடை வரவில்லை என்று பணத்தைப் பிடித்ததும் அதே கம்பெனிதான். சொட்டுநீருக்கும் உரத்துக்கும் முன்பணம் தருகிறவர்கள் தேனீப் பெட்டி வாடகையை மட்டும் என் சொந்தச் செலவு என்கிறார்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வேளாண் பக்கத்தில் மருந்து நேரம் போடும்போது பயிர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். வெங்காயத்துக்குப் பொழுது சாய்ந்த பிறகு. பூசணிக்கும் பாகலுக்கும் விடிகாலையிலும் காலையிலும் கூடவே கூடாது. பீர்க்கு, சுரை, புடலைக்கு மாலையும் கூடாது, இரவும் கூடாது, மறுநாள் காலையும் கூடாது. முடிந்தால் பூ நிற்கும் நாட்களில் வேண்டவே வேண்டாம்.

முருங்கைத் தோட்டத்துக்காரரிடம் பேசிவிட்டேன். அவர் மருந்தடிக்கும் முதல்நாள் சாயங்காலம் எனக்கு போன் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், நான் பெட்டி வாசலை ஈரச்சாக்கால் மூடிவிடுவேன். மேற்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னும் பிடிகொடுக்கவில்லை. அவர் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.

இப்படிக்கு,
ஒரு விதை விவசாயி,
பொங்கலூர் அருகில், திருப்பூர் மாவட்டம்.