காக்கை இருக்கும் சொல்லும் இல்லாத சொல்லும்

அன்பு நண்பா,

நலம்தானே? உன் சொற்பட்டியல் வந்து சேர்ந்தது. ‘காக்கை’ என்ற ஒரே தலைச்சொல்லின்கீழ் எல்லாவற்றையும் போட்டிருக்கிறாய். முதலில் அதைப் பிரித்துவிடு. சிலவற்றில் பறவையே கிடையாது.

‘காக்காய் பிடிப்பது’ அப்படித்தான். முகத்துதிக்கும் பறவைக்கும் உறவு தேடினால் கட்டுக்கதைதான் கிடைக்கும். ‘கால் கை பிடித்தல்’ திரிந்தது என்ற விளக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது. காரியம் ஆக வேண்டியவன் காலையும் கையையும் பிடிக்கிறான். ஒலியும் இடம்கொடுக்கிறது: கால்+கை புணர்ந்தால் ‘காற்கை’, ‘நிற்க’ பேச்சில் ‘நிக்க’ ஆவதுபோல அது ‘காக்கை’ ஆகிவிடும். ‘காக்காய் வலிப்பு’ம் இதே வழியில் வந்ததாகவே கொள்ளலாம், கையும் காலும் வெட்டி இழுப்பதுதானே அது. இந்தப் பதிவில் ‘பேச்சு வழக்கு, வலிப்பு நோய் என்பதே தகும்’ என்று குறித்துவிடு. கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்ற நம்பிக்கையை விளக்கத்தில் சேர்க்காதே. பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானாகவே அடங்கும். அடங்கிய பெருமையை இரும்பு தட்டிக்கொண்டு போகிறது.

காயல்பட்டினத்திலும் இலங்கை முஸ்லிம்களிடமும் அண்ணனைக் குறிக்கும் ‘காக்கா’ உறவுப்பெயர். அதற்குத் தனித் தலைச்சொல் கொடு.

இனி, பறவை உண்மையிலேயே இருக்கும் சொற்கள். கர்நாடக இசையில் தாளத்தின் உறுப்புகளான அங்கங்கள் ஆறில் பெரியதான காகபாதத்துக்கு 16 அட்சரம் (தாள எண்ணிக்கை). அதன் குறி கூட்டல் குறிபோல, காக்கையின் கால்தடமாக இருக்கும். நீர்க்காகம் நிறத்தால் பெயர் பெற்றது, காக்கை இனத்தைச் சேர்ந்ததன்று; இதை எழுதாமல் விட்டால் படிப்பவர் தவறாக எடுத்துக்கொள்வார். காக்காய்க்கடிக்கு நீ ‘எச்சில் பண்டம்’ என்று எழுதியது முழுப்பொருள் ஆகாது. பண்டத்தைத் துணியால் மூடிக் கடித்து, எச்சில் படாமல் பங்கிடுவதுதான் அது. காக்காய்ப்பொன்னுக்கு ‘அப்பிரகம், ஏடு ஏடாக உரியும் பளபளப்பான கனிமம்’ என்றால் போதும்.

‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது’ என்பதற்கு ‘சிறு செயலால் பெரிய விளைவு’ என்று பொருள் எழுதியிருக்கிறாய். நேர்மாறு! பழம் விழும் வேளையில் காக்கை தற்செயலாக உட்கார்ந்தது, அவ்வளவே. வடமொழியில் இதைக் காகதாலீய நியாயம், அதாவது காக்கை-பனை உவமை வழக்கு, என்பார்கள். உன்னைப்போலவே படிப்பவரும் இதில் இல்லாத காரணத்தை இருப்பதாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

வினையையும் மறந்துவிடாதே. காக்கை கரையும், ஆந்தைதான் அலறும். ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்ற 527ஆம் குறளில் கரைதல் என்பது இனத்தைக் கூவி அழைப்பது. கரத்தல் என்பது மறைப்பது. உன் பட்டியலில் இரண்டும் ஒரே வேரின்கீழ் நிற்கின்றன, பிரித்துவிடு. குறுந்தொகை 210இல் ‘விருந்து வரக் கரைந்த காக்கை’ வருகிறது. அந்தத் தொடரால்தான் அதைப் பாடிய சங்கப் புலவர் நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயர் சேர்ந்தது என்பார்கள். காக்கை விருந்தறிவிக்கும் நம்பிக்கைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

திருத்திய படியை அனுப்பு. ‘காகம்’ வடசொல், ‘காக்கை’ தமிழ். ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்க்கச் சொல்லும் மாட்டேறு இரண்டுக்கும் போட்டிருக்கிறாயா என்று பார்த்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்