அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டாம், கண்ணு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள சரவணா,

போனில் நீ அழ ஆரம்பித்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. அதனால் எழுதுகிறேன். தோப்பை விற்றாவது ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறாய். தோப்பை நினைத்து நான் தயங்கவில்லை, கண்ணு. அந்த ஆபரேஷனால் அப்பாவுக்கு நல்லது நடக்காது என்றுதான் தயங்குகிறேன்.

பயாப்ஸியில் மீசோதீலியோமா என்று உறுதியாகிவிட்டது. நுரையீரலை மூடியிருக்கும் உறையில் வரும் புற்றுநோய். பீடிகூடத் தொடாத மனுஷனுக்கு எப்படி என்று கேட்டாய். இதற்குப் புகை காரணமே இல்லை. கல்யாணமான புதிதில் அப்பா கோழிப்பண்ணைகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போடும் வேலைக்குப் போனார். ரம்பத்தால் அறுக்கும்போது பறக்கும் தூசியில் புருவமெல்லாம் வெளுத்துவிடும். மூச்சோடு உள்ளே போன ஆஸ்பெஸ்டாஸ் நார் இருபது, ஐம்பது வருஷம் கழித்துக்கூட நோயாக வரும். அந்தச் சட்டைகளை உதறித் துவைத்தவள் நான் என்பதால் டாக்டர் எனக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இப்போதைக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

நீ சொல்வது அந்த உறையை உரித்தெடுக்கும் ஆபரேஷன். பிரிட்டனில் 335 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கீமோவோடு ஆபரேஷனும் மற்றதற்குக் கீமோ மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மார்ஸ் 2 என்ற அந்த ஆய்வின் முடிவு 2024-இல் மருத்துவ இதழில் வெளியானது. கீமோ மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 24.8 மாதம் தாண்டி உயிரோடு இருந்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் அது 19.3 மாதம்தான். கடுமையான சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். முப்பது வருஷம் நர்ஸாக வார்டில் நின்றவள் சொல்கிறேன், நெஞ்சைத் திறந்த பிறகு எழுந்து நடக்கவே எத்தனை நாள் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த நாட்களை அப்பாவிடமிருந்து பிடுங்க மனசு வரவில்லை.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே தூண்டிவிட்டுப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் இம்யூனோதெரபி பற்றியும் கேட்டேன். நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு மருந்தையும் இந்த நோய்க்குச் சேர்த்துக் கொடுக்க 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தப் புற்றுநோயிலேயே செல்லின் வடிவத்தை வைத்து வகை பிரிக்கிறார்கள்; சார்கோமடாய்டு என்ற வகைக்கு அதில் பெரிய பலன் உண்டு. அப்பாவுக்கு வந்திருப்பது எபிதீலியாய்டு என்ற வகை. இதில் கீமோவுக்கும் அதற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். போதாததற்கு அவருக்கு மூட்டெல்லாம் வீங்கி வலிக்கும் முடக்குவாதம் வேறு. இம்யூனோதெரபி அதைக் கிளறிவிடலாம் என்கிறார் டாக்டர்.

அதனால் கீமோ. பெமட்ரெக்ஸெட், கார்போபிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்தும் சேர்த்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை. சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம் என்பதால் கார்போபிளாட்டினுக்குப் பதிலாகக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரை தினமும், பி12 ஊசி ஒன்பது வாரத்துக்கு ஒன்று. இவற்றை விட்டால் பெமட்ரெக்ஸெட் உடம்பைப் படுத்திவிடும். மாத்திரை டப்பா என் கையில்தான்.

அவரை உண்மையில் வாட்டுவது நெஞ்சில் ஊறும் நீர். ஒவ்வொரு தடவையும் ஊசி குத்தி எடுப்பதற்குப் பதிலாக விலாப்பக்கம் மெல்லிய குழாய் ஒன்றை நிரந்தரமாக வைத்துவிட்டார்கள். கையை நன்றாகக் கழுவி, கையுறை போட்டு, நானே வீட்டில் பாட்டிலை மாட்டி இறக்குகிறேன். பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் இறங்கும். பாட்டிலில் கோடு ஏற ஏற அப்பா பார்த்துக்கொண்டே இருப்பார். இருமல் வந்தாலோ நெஞ்சு இறுகினாலோ அத்தோடு நிறுத்திவிடுவேன். அரைமணி கழித்துத் தலையணை இல்லாமல் சாய்ந்து படுக்கிறார். நேற்று இரண்டு தோசை சாப்பிட்டார்.

மார்ஃபின் என்றதும் நீ பதறினாய். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் தருகிற மருந்தில்லை அது. வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் இப்போதே சிறிய அளவில் தருகிறார்கள், கூடவே மலமிளக்கி. வலியையும் அவஸ்தையையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் பாலியேட்டிவ் கேருக்கென்று 2008-லேயே கொள்கை வகுத்த மாநிலம் நம் கேரளா. பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கிறாள். அப்பாவிடம் தமிழும் மலையாளமும் கலந்து அவள் பேசுகிற பேச்சில் அவர் முகமே தெளிந்துவிடுகிறது.

ஆட்டுக்கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்துப் போடச் சொல்லி மாமாவிடம் சொன்னாயாமே. கை வைக்க வேண்டாம் என்று நான் தடுத்துவிட்டேன். உடைத்தால்தான் நார் பறக்கும். எடுப்பதானால் நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கணும்.

இரண்டாவது கீமோ முடிந்ததும் ஸ்கேன். கீமோ போட்ட வாரம் முழுக்கச் சோர்ந்து கிடப்பார், அதற்கு அடுத்த வாரமாகப் பார்த்து டிக்கெட் போடு. கோயம்புத்தூருக்கு டாக்டரிடம் உன்னையும் கூட்டிப்போகிறேன். கேட்க நினைப்பதையெல்லாம் எழுதிக்கொண்டு வா.

அம்மா