ஸ்விஃப்ட்டுக்கு ஆக்டிவ் செட்டப், கோத்தகிரியில இருந்து

மாப்ள,

நல்லாருக்கியா? பாப்பா காலேஜ் சேர்ந்தது அம்மா சொல்லித்தான் தெரியும், ரொம்ப சந்தோஷம்டா, ஹாஸ்டலா இல்ல வீட்ல இருந்தே போகுதா? இங்க எல்லாரும் சுகம், பச்சத்தேயிலை விலைதான் ஏறவே மாட்டேங்குது.

ஸ்விஃப்ட் கார் ஸ்டீரியோவுக்கு ஆக்டிவ் செட்டப்தான்னு முடிவு பண்ணிட்டேன். ஸ்பீக்கரோட வர்ற, கீச்சு சத்தத்தையும் கனத்த சத்தத்தையும் பிரிக்கிற கிராஸ்ஓவர் பெட்டியே போதாதான்னு கேட்டியே, பாட்டு கேக்க போதும்தான், ஆனா அதுல ட்வீட்டரும் (கீச்சு சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) மிட்டும் (குரல் வர்ற கதவு ஸ்பீக்கர்) ஒரே ஆம்ப்ளிஃபயர் சேனல்ல தொங்கும், எந்த ஃப்ரீக்வென்சில பிரியணும்னு கம்பெனிக்காரன் வச்சதுதான் சட்டம். ஆக்டிவ்ல ஆம்புக்கு முன்னாடியே டிஎஸ்பி, அதான் சத்தத்த டிஜிட்டலா மாத்தி அமைக்கிற பெட்டி, பிரிச்சு அனுப்பிடும், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி சேனல், தனி லெவல், தனி டிலே (தாமதம்).

அந்த டிலேதான்டா எனக்கு முக்கியம். டேப் வச்சு அளந்து பாத்தேன், என் தலை இருக்கற இடத்துல இருந்து வலது கதவு மிட் 80 சென்டிமீட்டர், இடது 135. சத்தம் செகண்டுக்கு 340 மீட்டர் போகுதுன்னு வச்சா அந்த 55 சென்டிமீட்டருக்கு 1.6 மில்லிசெகண்ட், வலதுபக்கத்த அவ்வளவு தாமதிச்சு விட்டா பாடறவங்க குரல் முழங்கால்கிட்ட இருந்து வராம டேஷ்போர்டு நடுவுல வந்து நிக்கும். எண்பதுகள் பாட்டெல்லாம் அப்படி கேக்கணும்.

80 ஹெர்ட்ஸுக்கு கீழ சப் (பேஸுக்கான சப்வூஃபர்), அங்கிருந்து 3000 வரைக்கும் மிட், மேல ட்வீட்டர், எல்லாம் 24 டிபி ஸ்லோப், அதாவது எல்லைய தாண்டினதும் சத்தம் செங்குத்தா குறையும். பின்னாடி ஸ்பீக்கரே வேணாம், அந்தக் காச கதவுல ஷீட் ஒட்டி ஓட்டைய அடைக்கப் போடுறேன். கதவுத் தகட்டுல ஓட்டை இருந்தா எவ்வளவு வெல குடுத்த மிட்டும் பேஸ் தராது, முன்னால வர்ற சத்தத்த பின்னால வர்றது தின்னுடும். ஆனா ஷீட் ஒட்டறவங்ககிட்ட கதவு அடில இருக்கற தண்ணி வடியற ஓட்டைய மட்டும் மூடக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லணும், இங்க ஐப்பசி மழை உனக்குத் தெரியாததா, கண்ணாடி வழியா இறங்கற தண்ணி அங்கயே தேங்கி துரு பிடிச்சிடும். அந்த ஈரத்துக்கு மிட்டோட கோன் (முன்னாடி அதிர்ற கூம்பு) கூட பேப்பர் வேணாம், பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக்தான்.

இன்னொண்ணு, ட்வீட்டர் நேரா ஆம்புல மாட்றதால டிஎஸ்பி செட்டிங் ஒரு நிமிஷம் தப்பினாலும் பேஸ் உள்ள போய் அதோட காயில் போயிடும். அதனால 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு சீரிஸ்ல போடச் சொல்லப்போறேன், 4 ஓம் ட்வீட்டருக்கு அது 850 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருந்து கீழதான் வெட்டும், நம்ம 3000த்த தொந்தரவு பண்ணாது.

சப்தான் இன்னும் யோசனை. சீட்டுக்கு அடில வைக்கிற, ஆம்ப் உள்ளயே இருக்கற சப் இடம் அடைக்காது, ஆனா மேட்டுப்பாளையம் ரோட்டுல குஞ்சப்பனை ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல இன்ஜின் உறுமறப்போ அதோட பேஸ் கேக்குமான்னு தெரியல, டிக்கில 10 இஞ்ச் பெட்டி வச்சா மூட்டை ஏத்த இடமில்ல. நீ கேட்டுப் பாத்தவன், உன் முடிவைச் சொல்லு.

வயர் கோயம்புத்தூர்லயே வாங்கி வை, சுத்த காப்பரா பாத்து வாங்கு, அலுமினியத்துல காப்பர் பூசினத தலைல கட்டிடுவாங்க. ஃப்யூஸ் ஹோல்டரும் சேத்து, பேட்டரில இருந்து ஒன்றரை அடிக்குள்ள வரணும். வேலை முடிஞ்சதும் உன் மெஷரிங் மைக்க எடுத்துட்டு மேல வா, ட்யூனிங் நீ உக்காந்துதான் பண்ணணும், ரெண்டு நாள் தங்கற மாதிரி வா.