கதைக்கும் மானுக்கும் மானின் மூக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சில வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர், பிள்ளைகள் பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை விளையாட்டுகளைக் கண்டித்து எழுதியிருந்தார். மிருகம் கதைக்கும், மந்திரம் பலிக்கும் என்று நம்பவைக்கிற விளையாட்டு படிக்கிற பிள்ளைக்கு எதற்கு என்பது அவர் கேள்வி. நான் 31 வருடம் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவள். அந்த விளையாட்டு ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் நடக்கிறது. ஆகவே அவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

என் பேரனுக்கு 15 வயது. அவனோடு இன்னும் நான்கு பெடியன்கள். ஒருவன் கதையை நடத்துவான், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் இறங்குவார்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. இதில் கதை நடக்கும் உலகத்தைப் பிள்ளைகளே கட்டலாம். இவர்கள் கட்டிய நாட்டுக்குப் பெயர் கோகர்ணம், எங்கள் திருகோணமலையின் பழம்பெயர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, உச்சியில் கோயில், கீழே கோட்டை, கோட்டைக்குள் கதைக்கும் மான்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்குப் போய், கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களைக் கண்ட எவருக்கும் அந்த மான்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லத் தேவையில்லை.

பிணக்கு மானில்தான் தொடங்கியது. "எனக்குப் பசிக்குது, மானுக்கு அம்பு விடுறன்" என்றான் ஒருவன். "அது கதைக்கிற மான் எல்லோ?" என்றான் பேரன். "அதுக்கென்ன?" "அப்ப அது வேட்டை இல்லை, கொலை." அதற்குப் பிறகு ஒருவரும் பகடையைத் தொடவில்லை. அரை மணித்தியாலம் வாதம். கதைக்கிற மானைக் கொல்லக்கூடாது என்றால் கதைக்காத மானைக் கொல்லலாமா? கதைக்கிறவை வாழும் காட்டில் விறகு வெட்ட யாரிடம் கேட்கவேண்டும்? நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உணவுச் சங்கிலியை எத்தனையோ வகுப்புக்குக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஒரு மாணவன்கூட இப்படி என்னை மடக்கியதில்லை.

பேரன் அச்சடித்து வைத்திருக்கும் விதிகளை அன்றிரவு வாங்கிப் படித்தேன். ஒவ்வொரு உயிருக்கும் அறிவுக்கு ஓர் எண் உண்டு. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பின்படி மிருகம் என்றால் அந்த எண் 1 அல்லது 2தான். 3ஐத் தொட்டுவிட்டால் அது மிருகமே இல்லையாம். விளையாட்டு ஓட ஒரு கணக்கு வேண்டும், விளங்குகிறது. ஆனால் அறிவை ஒரே ஏணியாக வைத்து, மேல்படியில் மனிதனைப் போல ஒன்றை ஏற்றிவிடுவதை ஒரு விலங்கியல் ஆசிரியையாக என்னால் ஏற்கமுடியவில்லை. அப்படிச் செய்தால் மான் என்பது மான்தோல் போர்த்த மனிதனாகத்தான் முடியும்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் ஐந்து பேரையும் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். கொப்பியும் பென்சிலும் மட்டும், போன் இல்லை. புள்ளிமானின் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது, திரும்பாமலே ஏறக்குறைய 300 பாகை பார்க்கும். ஆனால் சிவப்பையும் பச்சையையும் நம்மைப் போலப் பிரித்தறியாது. அதற்கு உலகம் முதலில் மணமாகத்தான் வருகிறது. காட்டில் மந்திகள் மேலிருந்து உதிர்க்கும் இலையைத் தின்னப் புள்ளிமான்கள் மரத்தடிக்கு வரும். மேலே மந்தி கத்தினால் மான் ஓடும், கீழே மான் கத்தினால் மந்தி உஷாராகும். இதைச் சொன்னதும் பேரன் கொப்பியில் எழுதினான்: "கோகர்ணத்தில் மானும் மந்தியும் ஒரே அரசு."

அப்போதுதான் குப்பைக்கு அருகே ஒரு பெட்டைமான் சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீன் லஞ்ச் ஷீற்றை மென்றுகொண்டு நின்றதைக் கண்டோம். பாதி வாய்க்குள், பாதி வெளியே, நுனியில் பருப்புக்கறியின் மஞ்சள். நான் கிட்டப் போக அது இரண்டடி பின்வாங்கி, விழுங்கிவிட்டது. கறி மணக்கிறதால் அதற்கு அது சாப்பாடு. அன்று வீடு திரும்பும்வரை பெடியன்கள் அதிகம் கதைக்கவில்லை.

ஐவரில் ஒருவன் கந்தளாய்ப் பக்கம், தகப்பன் வயல் செய்பவர். காய்ந்த மரக்கொம்பைத் தூக்கி மின்வேலிமேல் போட்டுவிட்டு யானை தாண்டுவதைக் காவல் கொட்டிலில் இருந்து பார்த்த பிள்ளை. அவன் தன் பாத்திரமாக ஒரு கிழட்டுப் பெண்யானையை எடுத்தான். யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் கிலோமீற்றர்க் கணக்கான தூரத்துக்குச் சேதி அனுப்பும், நில அதிர்வைப் பாதத்தாலும் உணரும் என்று நான் சொல்லியிருந்தேன். அதன்பிறகு தன் முறை வரும்போதெல்லாம் அவன் உள்ளங்கையைச் சீமெந்துத் தரையில் பதித்து, கொஞ்சநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுத்தான் வாய் திறப்பான். வேலிக்கு அந்தப் பக்கம் பயிரைப் பறிகொடுத்தவன் வீட்டுப் பிள்ளை அது. அவனை அப்படிப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இது அந்நியச் சரக்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் தகப்பனார் கோயிலில் புராணபடனத்துக்குப் பயன் சொன்னவர், அதாவது ஒருவர் புராணத்தைப் பாட, அதன் பொருளைச் சொன்னவர். திருவிளையாடற் புராணத்தில் தாயை இழந்த 12 பன்றிக்குட்டிகளுக்குச் சிவன் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்து, பிறகு அவற்றைப் பாண்டியனுக்கு மந்திரிகளாக்குகிறார். மனித உடம்பு வந்தது, அறிவு வந்தது, முகம் மட்டும் பன்றி முகமாகவே இருந்தது. அந்த இடத்தில் ஐயா குரலைத் தாழ்த்தி, "முகத்தை மாத்தேல்லை, கவனியுங்கோ" என்பார். இதைப் பெடியன்களுக்குச் சொன்னேன். பன்றிமுக மந்திரிகள் இப்போது கோகர்ணத்துச் சபையில் இருக்கிறார்கள், மண்ணை முகர்ந்துதான் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

இன்னொரு விதியை நான் மனமாரப் பாராட்டவேண்டும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், எட்டு மணித்தியாலம் மந்திரம் செய்து ஒரு மிருகத்துக்கு அறிவும் பேச்சும் கொடுக்கலாம். 30 நாள் அது கொடுத்தவனின் வசியத்தில் இருக்கும். இடையில் அதற்குத் தீங்கு செய்தால் வசியம் அப்போதே போய்விடும். 30 நாள் முடிந்ததும், தன்னை எப்படி நடத்தினார்கள் என்பதை வைத்து, நட்பாக இருப்பதா இல்லையா என்று அந்த மிருகமே முடிவெடுக்கும். பேச்சைக் கொடுத்தவன் 'மாட்டேன்' என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுத்தாகவேண்டும் என்பதை இந்த விதி பிள்ளைகளுக்கு உணர்த்திவிடுகிறது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் சிறுவர் பக்கத்துக்கு என் வேண்டுகோள் இது. பேசும் மிருகம் ஒன்றைப் பிள்ளைகளே படைத்து அனுப்பச் சொல்லுங்கள். அது எதை மணக்கும், எதைக் கேட்கும், எதற்கு மாட்டேன் என்னும் என்று மூன்று கேள்விகள் போதும். எழுதமுன் அந்த மிருகத்தை ஒரு பின்னேரமாவது நேரில் பார்த்திருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். திருகோணமலையில் இருந்து ஐந்து கடிதம் வருவதற்கு நான் பொறுப்பு.

எங்கள் விறாந்தையில் பெடியன்கள் ஒரு கலைமானுக்குப் பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். விளையாட்டுக் கணக்கில் வருகிற ஞாயிறு அதற்கு முப்பதாம் நாள். கோட்டைக் குப்பையை அள்ள நாலு நாள் கதையில் செலவழித்திருக்கிறார்கள், புதையலுக்குப் போகவில்லை. மான் என்ன சொல்லப்போகிறது என்று பேரன் இன்னும் எனக்கும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.