சாலையையே வெட்டியெடுத்துச் சோதியுங்கள்

எங்கள் நகராட்சிப் பொறியாளர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவின் சிமெண்ட் சாலை உதிர்வது பற்றிய மனுக்கள் எல்லாம் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன, பழைய கதையைத் திரும்பச் சொல்லவில்லை. போன வாரம் வந்த பதில்தான் இதை எழுத வைத்தது: கியூப் டெஸ்ட், அதாவது கலவையைச் சதுரக் கட்டியாக வார்த்து அதன் பலம் பார்க்கும் சோதனை, திருப்தியாம்.

எந்தக் கலவையில் போட்ட கியூப் ஐயா அது? சாலை போட்ட அன்று நான் வாசலிலேயே நின்றிருந்தேன். காலையில் கெட்டியாக வந்த முதல் கலவையில் 15 செ.மீ. அச்சுகளை நிரப்பி ஓரமாக வைத்தார்கள், அதோடு உங்கள் இளநிலைப் பொறியாளர் கிளம்பிவிட்டார். அப்புறம் வெயில் ஏற ஏற மிக்சருக்குள் ஹோஸைத் திறந்துவிட்டார்கள். கேட்டதற்கு, "அப்பதான் சார் இழுக்க வரும்" என்றார்கள். கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று ஸ்லம்ப் பார்க்கும் கூம்பு லாரியை விட்டு இறங்கவே இல்லை. கியூப் 28 நாள் தண்ணீரில் ஊறியது; சாலைக்கோ சித்திரை வெயிலில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவில்லை, ஈரச் சாக்குகூடப் போடவில்லை. இரண்டுக்கும் ஒரே பலம் எப்படி இருக்கும்?

இப்போது மேல்பூச்சு மாவாக உதிர்ந்து ஜல்லி பல்லிளிக்கிறது. எதிர்வீட்டுப் பாட்டி வாக்கர் பிடித்துத் தினமும் பிள்ளையார் கோயில்வரை நடப்பார். வாக்கரின் ரப்பர் கால் ஜல்லி இடுக்கில் சிக்கி ஒருநாள் அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டார், நல்லவேளை பால்காரர் பிடித்தார். அதிலிருந்து அவர் வாசற்படி தாண்டுவதில்லை. இந்தச் சாலை போட்டதே அவரைப் போன்றவர்கள் நடக்கத்தானே?

அதனால் கேட்கிறோம், கோர் எடுங்கள், அதாவது சாலையிலிருந்தே உருளை வடிவ மாதிரியை வெட்டியெடுத்துச் சோதியுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல: கோர்களின் சராசரி, குறித்த கான்கிரீட் தரத்துக்கான கியூப் பலத்தில் 85 சதவீதமாவது வர வேண்டும், எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(ஜே)-இல், தகவல் அறியும் உரிமை என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே, பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கும் உரிமையையும் மக்களுக்குத் தருகிறது. அந்த வழியில் அலைய வைக்காதீர்கள். வீட்டு வரி ஒரு தவணை தாமதமானால் நோட்டீஸ் வருகிறது, எங்கள் வரியில் போட்ட சாலை உதிர்ந்தால் யாருக்கும் நோட்டீஸ் போவதில்லை.

சரி, கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகையை விடுவிக்கும் முன், நாங்கள் காட்டும் இடங்களில், எங்கள் கண்முன்னே கோர் எடுத்து, முடிவின் நகலைத் தெருவாசிகளுக்குக் கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், எல்லோரும் இருப்போம்.

இப்படிக்கு,
தெருவாசி ஒருவர்